ராக்கெட்டை மாற்றும் முன் ஸ்ட்ரிங்கைப் பாருங்கள்

முழங்கை வலியோடு வரும் டென்னிஸ் ஆட்டக்காரர்களிடம், "அடுத்த தடவை வரும்போது ராக்கெட்டையும் எடுத்துட்டு வாங்க" என்பேன். கையைக் காட்ட வந்தவரிடம் மட்டையைக் கேட்டால் சிரிப்பு வரத்தானே செய்யும்? பிசியோதெரபிஸ்டுக்கு இது எதற்கு என்று சிலர் வாய்விட்டே கேட்டிருக்கிறார்கள்.

சமீபத்தில் வந்தவர் நாற்பதைத் தாண்டியவர். மூன்று வருடமாக, வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறார். பந்தை விடாமல் திருப்பி அடிப்பார், பந்தை முன்பக்கமாகச் சுழலவிடும் டாப்ஸ்பின் ஓரளவு வரும், இரண்டாவது சர்வீஸ் மட்டும் கொஞ்சம் நடுங்கும். நடுத்தர ஆட்டக்காரர். கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். நாற்காலி தரையை விட்டு எழும்புவதற்குள் முகம் சுருங்கிவிட்டது. முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் விரலை வைத்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். டென்னிஸ் எல்போதான். துண்டைப் பிழியும்போதும் கதவுப்பிடியைத் திருப்பும்போதும் சுரீர் என்று பிடிக்கும் அதே இடம்.

அவர் ராக்கெட் 270 கிராம். தலைப்பக்கம் கனம், ஃபிரேம் என்கிற சட்டம் விறைப்பு. லேசாக இருந்தால் கைக்கு நல்லது என்று யாரோ சொல்லி வாங்கியிருக்கிறார். நான் பார்த்தது ஸ்ட்ரிங்கை, அதாவது பந்து படும் வலையின் இழையைத்தான். பாலியஸ்டர். நெடுக்கும் குறுக்கும் சந்திக்கும் இடங்களில் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு இழையை விரலால் ஒதுக்கினேன், ஒதுக்கிய இடத்திலேயே நின்றது. புதிதாக இருந்தால் சட்டென்று பழைய இடத்துக்கு வந்திருக்கும்.

"கடைசியா எப்ப மாத்துனீங்க?"

"இன்னும் அறுந்து போகலையே சார்."

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேரின் கதை இந்த ஒரு வரிதான். பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கை டிவியில் வரும் ஆட்டக்காரர்களைப் பார்த்து நாமும் போட்டுக்கொள்கிறோம். அவர்கள் மேட்சுக்கு மேட்ச், சில சமயம் ஆட்டத்தின் நடுவிலேயே, புது ஸ்ட்ரிங் போட்ட ராக்கெட்டை எடுக்கிறார்கள். பாலியஸ்டர் அறுவதற்கு முன்பே செத்துவிடும். சில மணி நேர ஆட்டத்திலேயே இழுவிசை குறையத் தொடங்கி, மீள்தன்மையும் போய்விடும். நம்மைப்போல மிதமாக அடிப்பவர்கள் கையில் அது அறாமல் மாதக்கணக்கில் கிடக்கும். பந்து நினைத்தபடி போகாது, நாம் இன்னும் ஓங்கி அடிப்போம், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஸ்ட்ரிங்கில் ஒன்றும் மிச்சம் இருக்காது. மிச்சம் இருப்பது முழங்கை.

பந்து ஸ்ட்ரிங்கில் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு. அடி எப்படி விழுந்தது என்று மூளைக்குத் தெரிவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். கை அந்த நேரத்தில் தன்னைத் தளர்த்திக்கொள்ள வழியே இல்லை. இறுக்கிப் பிடித்த பிடியோடு, மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் முன்கைத் தசைகள்தான் முழு அடியையும் தாங்கும். அவற்றின் தசைநாண் போய் ஒட்டுகிற இடம்தான், நான் விரல் வைத்ததும் அவர் துள்ளிய இடம்.

அதனால் கையில் வலி இருந்தால் முதல் வேலை, பாலியஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு மல்ட்டிஃபிலமென்ட் போடுவது. மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்த்து முறுக்கிய ஸ்ட்ரிங் அது, நன்றாக இழுபடும். நேச்சுரல் கட் என்கிற மாட்டுக்குடல் ஸ்ட்ரிங் அதைவிட மென்மை. விலை அதிகம், ஈரம் பட்டால் கெட்டுவிடும். டென்ஷன், அதாவது ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம், 55 பவுண்டில் இருந்தால் இரண்டிரண்டு பவுண்டாகக் குறைத்து 50 வரை வரலாம். பாலியஸ்டர் தரும் ஸ்பின் இல்லாமல் முடியாது என்பவர்கள் பாதி பாலியஸ்டர், பாதி மல்ட்டி என்று ஹைப்ரிட் போட்டுக்கொள்ளட்டும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ வருடத்தில் அத்தனை தடவை மாற்று என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பாலியஸ்டருக்கு அது போதாது.

சரி, ராக்கெட்டுக்கு வருவோம். விறைப்பை ஆர்ஏ என்ற எண்ணால் அளக்கிறார்கள். ஃபிரேமில் பெரும்பாலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள், இணையத்தில் தேடினால் கிடைக்கும். 62-க்குக் கீழே என்றால் மென்மை, 68-க்கு மேலே என்றால் விறைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வில்சன் க்ளாஷ் 55-ஐ ஒட்டி இருக்கும், பாபோலாட் ப்யூர் டிரைவ் 70-ஐ ஒட்டி. ப்யூர் டிரைவை வைத்து வலியே இல்லாமல் ஆடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே வலி கண்ட கைக்கு 65-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கணக்கு.

எடை விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சின்னச் சுத்தியலால் பெரிய ஆணியை அடித்துப் பாருங்கள், கை அதிரும். கனமான சுத்தியல் அந்த அதிர்வில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். ராக்கெட்டும் அப்படித்தான். எடை குறைந்தால் பந்து அதைப் பின்னுக்குத் தள்ளும், கையும் சேர்ந்து வாங்கும். ஸ்ட்ரிங் இல்லாமல் 295 முதல் 310 கிராம், ஒல்லியான உடல்வாகு என்றால் 280-க்குக் குறையாமல். அந்த எடை கைப்பிடிப் பக்கம் இருக்க வேண்டும். ராக்கெட்டின் நீளம் 68.5 சென்டிமீட்டர், நடு 34.25. கைப்பிடியின் அடியிலிருந்து அளந்தால் 32-ஐ ஒட்டிச் சமநிலை கொள்ளும் ராக்கெட் கைக்கு இதம்.

கனம் நல்லதென்று அளவு மீறவும் கூடாது. நான் ஒருமுறை 330 கிராம் ராக்கெட் வாங்கினேன். முதல் அரைமணி நேரம் சொர்க்கம். அப்புறம் கை சோர்ந்து, பந்தை உடம்புக்குப் பின்னால் விட்டு அடிக்க ஆரம்பித்தேன். முழங்கை தப்பித்தது, தோள் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் எனக்கு நானே வைத்தியம்.

தலையளவு 100 சதுர அங்குலம் வாக்கில் இருந்தால், நடுவில் படாத பந்துக்கும் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. கைப்பிடி அளவுக்கு விரல் சோதனை போதும்: பிடித்த பிறகு விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மறுகையின் சுட்டுவிரல் நுழைய வேண்டும். கைப்பிடி மேல் சுற்றும் ஓவர்கிரிப் வழுக்க ஆரம்பித்ததும் மாற்றுங்கள், வழுக்கினால் தன்னையறியாமல் இறுக்குவோம். ஸ்ட்ரிங்கில் செருகும் அந்தச் சின்ன ரப்பர் டேம்பனர் இருக்கிறதே, அது சத்தத்தைத்தான் குறைக்கும். முழங்கைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எல்லாப் பழியையும் ராக்கெட் மேல் போடவும் எனக்கு மனமில்லை. 1883-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த முழங்கை வலியைப் பற்றி எழுதிவிட்டார்கள். அப்போது இருந்தது வளைந்துகொடுக்கும் மரமட்டை. 2004-ல் சச்சினை உட்கார வைத்ததும் இதே நோய்தான், அவர் ஆடியது கிரிக்கெட். முழங்கையை முன்னே விட்டு, மணிக்கட்டை மடக்கி, பந்தைத் தாமதமாகச் சந்திக்கும் ஒற்றைக்கை பேக்ஹேண்டை எந்த ஃபிரேமும் காப்பாற்றாது. விரல்கள் மரத்துப்போனாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தாலோ ராக்கெட் ஆராய்ச்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு ஊசியில் சில வாரம் சுகமாக இருக்கும். வலி திரும்பி வரும் வாய்ப்பும் அதில் அதிகம்.

அந்த நாற்பதைத் தாண்டியவரின் ஸ்ட்ரிங்கை அங்கேயே கத்தரித்தோம். முதல் வெட்டு விழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சில வாரம் பேக்ஹேண்டுக்கு விடுமுறை. ஒரு கிலோ டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி தினமும். அதன்பிறகு நண்பரிடம் 300 கிராம் ராக்கெட்டை ஒரு வாரத்துக்கு வாங்கி ஆடச் சொன்னேன். மைதானத்தில் பத்து நிமிடம் அடித்துப் பார்த்தால் எல்லா ராக்கெட்டும் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும்போது கை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து வந்தார். நாற்காலியைக் கேட்காமலேயே தூக்கிக் காட்டினார். இப்போது அவருக்கு வேறு குறை: பந்து கோட்டைத் தாண்டி ஓடுகிறதாம், அடிக்கும்போது அந்தப் பழைய "டங்" சத்தமும் இல்லையாம். அடுத்த தடவை இரண்டு பவுண்டு ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சத்தத்துக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.