லேன் கடைத்தெருவானா, கீழ கிடக்கிற பைப் தாங்குமா?

கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு லேன்ல இருக்கிறன். எங்கட லேனை வியாபார வலயமா மாத்தப்போறாங்கள் எண்டு கொஞ்ச நாளா ஒரு கதை அடிபடுது. ஆக்கள் கதைக்கிறது முழுக்க பார்க்கிங் பற்றித்தான், வாகனத்தை எங்க விடுறது, றோட் காணுமா எண்டு. அதுவும் பிரச்சினைதான், ஆனா எனக்கு யோசனை எல்லாம் நிலத்துக்குக் கீழ கிடக்கிற பைப்பிலயும் கேபிளிலயும். அது தாங்குமா எண்டு பாக்க ஒரு முறை இருக்கு, பெரிய கஷ்டமான கணக்கும் இல்லை, லேன்ல இருக்கிற எல்லாருக்கும் அது விளங்கோணும்.

முதல்ல தண்ணி. லேன்ல 40 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 130 லீட்டர் எண்டு வைச்சுக்கொள்ளுவம், மொத்தம் 26,000 லீட்டர். இப்ப அதில 10 வீட்டை இடிச்சு, ஒவ்வொரு வீடு இருந்த இடத்திலயும் ஒரு ஆறு மாடிக் கட்டடம் வருது. மேல ஆபீஸ், 200 பேர், ஆளுக்கு 45 லீட்டர் எண்டா 9,000. கீழ 100 சீட் சாப்பாட்டுக்கடை, சீட்டுக்கு 70 லீட்டர் எண்டா 7,000. கட்டடத்துக்கு 16,000, பத்துக்கும் 160,000, மிச்ச 30 வீட்டுக்கும் 19,500. கூட்டினா 26,000 லீட்டர் குடிச்ச லேன் கிட்டத்தட்ட 180,000 குடிக்குது, ஏழு மடங்கு.

ஆனா பைப்புக்கு நாள் கணக்கு தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது அந்த நிமிஷம் எவ்வளவு ஓடுது எண்டது மட்டும்தான். காலமை ஆறரைக்கு எல்லா வீட்டிலயும் குளிப்பும் சமையலும் ஒண்டா நடக்கும், அப்ப ஓடுறது சராசரியை விட ரெண்டு மூண்டு மடங்கு. எஞ்சினியர்மார் பைப்பைப் பாக்கிறது அந்த உச்ச நேரத்தை வைச்சுத்தான். இதில இன்னொண்டு, பைப்புக்குள்ள ஓட்டம் ரெண்டு மடங்கானா உராய்வில போற அழுத்தம் ரெண்டு மடங்காகிறதில்லை, மூண்டரை மடங்குக்கு மேல கூடும். பழைய இரும்புக் குழாய் எண்டா உள்ளுக்குத் துரு பிடிச்சு வாய் சுருங்கிக் கிடக்கும். உள் விட்டம் பாதியானா அதே அழுத்தத்தில கொண்டுபோகக்கூடிய தண்ணி ஆறில ஒரு பங்குதான்.

இதை நேரில பாக்கலாம். பைப்பில ஒரு பிரஷர் கேஜைப் பூட்டி ராத்திரி ரெண்டு மணிக்கும் காலமை ஆறரைக்கும் முள்ளு எங்க நிக்குது எண்டு குறிக்கோணும். 1 பார் எண்டா தண்ணி 10 மீட்டர் உயரத்துக்கு ஏறும், அதாவது மூண்டு மாடி அளவுக்கு. ராத்திரி 2 பார் காட்டி காலமை 0.8க்கு இறங்குது எண்டா அந்த லேன்ல மிச்சம் பெரிசா ஒண்டும் இல்லை. மரைன் டிரைவ் பக்கம் லேன் முடியிற கடைசி வீட்டிலதான் இதைப் பாக்கோணும், காலி வீதி முனையில பாத்தா எல்லாம் வடிவாத்தான் தெரியும். அம்பத்தலையில களனி கங்கைத் தண்ணிய எவ்வளவு சுத்திகரிச்சாலும் சரி, அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவாற கடைசி நூறு மீட்டர் ஒடுங்கலா இருந்தா ஒண்டும் செய்ய ஏலாது.

கழிவுத் தண்ணிதான் எனக்கு ஆகப் பயமான விஷயம். கொழும்பின்ர கழிவுநீர்க் குழாய் வலையின்ர அடித்தளம் வெள்ளைக்காரன் காலத்தில போட்டது, நூறு வருஷத்துக்கு மேல. வீட்டில இருந்து போறது சரிவில தானா ஓடி பம்ப் பண்ணுற நிலையத்துக்குப் போய், அங்கயிருந்து கடலுக்குள்ள விடுற பெரிய குழாய்க்குப் போகும், வடக்கில முகத்துவாரப் பக்கம் ஒண்டு, தெற்கில வெள்ளவத்தையில ஒண்டு. தண்ணிப் பைப் மாதிரி இது நிரம்பி ஓடக்கூடாது, உச்ச நேரத்திலயும் மேல காத்துக்கு இடம் இருக்கோணும், அதேநேரம் ஓட்டம் மெதுவாகவும் கூடாது, செக்கனுக்கு 0.6 மீட்டருக்குக் கீழ போனா அழுக்கு அடியில படிஞ்சிடும். அதோட சாப்பாட்டுக்கடை எண்ணெய். கொத்து போடுற கடையில கழுவி ஊத்துற சூட்டுத் தண்ணியோட எண்ணெய் நல்லா ஓடிப் போகும், குழாய்க்குள்ள ஆறினாப் பிறகு சுவரில ஒட்டிக் கட்டியாகும். ஒருநாள் எங்கட லேன்ல மேன்ஹோல் மூடியைத் திறந்தவங்கள், குழாய் வாயைச் சுத்தி சாம்பல் நிறத்தில சவர்க்காரக் கட்டி மாதிரி ஒரு வளையம், கம்பியால குத்தினா துண்டு துண்டா உடைஞ்சு விழுது, நடுவில ஒரு கை போற அளவுதான் ஓட்டை. கணக்கில அந்தக் குழாய்க்கு முழு விட்டம்தான் எழுதியிருக்கும். அதால மூடியைத் திறந்து பாக்காத எந்த அறிக்கையையும் நான் நம்பமாட்டன்.

கரண்ட் கொஞ்சம் வேற மாதிரி. 40 வீட்டிலயும் ஒரே நிமிஷத்தில அயர்ன், ஹீட்டர், ஏசி எல்லாம் போடமாட்டினம், அதால வீட்டுக்கு 2 கேவிஏ (கரண்ட் சுமையை அளக்கிற அலகு, 1 கேவிஏ எண்டா 1,000 விஏ) எண்டு எடுத்தா லேனுக்கு 80 கேவிஏ. ஆறு மாடி, மாடிக்கு 250 சதுர மீட்டர், ஏசியோட சதுர மீட்டருக்கு 80 விஏ எண்டா ஒரு கட்டடமே 120 கேவிஏ. முழு லேனை விடக் கூட. ஆனா எல்லா வியாபாரமும் ஒரே மாதிரி இல்லை. ஆபீஸ் எரிக்கிறது பகலில, வீடு எரிக்கிறது பொழுதுபட்டு ஆறரைக்குப் பிறகு, ரெண்டும் மாறி மாறி வந்தா ட்ரான்ஸ்ஃபோமர் சமாளிக்கும். சாப்பாட்டுக்கடையும் சீலைக்கடையும் பின்னேரம்தான் கலகலக்கும், அப்ப வீட்டுச் சுமையோட ஒண்டா ஏறும், ட்ரான்ஸ்ஃபோமருக்கு ஆற நேரமே இல்லை. உள்ள இருக்கிற காப்புப் பொருள் 6 பாகை சூடு கூடினா ரெண்டு மடங்கு வேகமாப் பழுதாகும். ஆனபடியா வியாபார வலயம் எண்டு மொட்டையா எழுதினாக் காணாது, எந்த வியாபாரம் எண்டு கேக்கோணும்.

மழைத் தண்ணியும் இருக்கு. 10 பேர்ச்சஸ் (கிட்டத்தட்ட 250 சதுர மீட்டர்) காணியில மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு மணித்தியாலத்தில 12,600 லீட்டர். மண்ணும் மரமும் இருந்த வளவில பாதி ஊறும், கொங்கிரீட் போட்டா பத்தில ஒன்பது கானுக்குத்தான் ஓடிவரும். 2010 நவம்பர் மழையில பார்லிமென்ட் வளாகத்துக்குள்ளயே வெள்ளம் வந்ததை ஆரும் மறந்திருக்கமாட்டினம்.

இதெல்லாம் சரியாப் பாத்தாலும் பிழைக்கிற ஒரு இடம் இருக்கு. கட்டடம் கட்டிற விண்ணப்பம் ஒவ்வொண்டாத்தான் வரும். உதாரணத்துக்கு, பைப்பில செக்கனுக்கு 2 லீட்டர் மிச்சம் இருக்கு, முதல் கட்டடத்துக்கு ஒண்டரை லீட்டர் வேணும், காணும் எண்டு கடிதம் குடுக்கலாம். அது கட்டி முடிய ரெண்டு மூண்டு வருஷம். அதுக்குள்ள ரெண்டாவது ஆள் வந்தா கேஜ் முள்ளு அதே இடத்திலதான் நிக்கும், கணக்கில அதே 2 லீட்டர் மிச்சம்தான் வரும், அவருக்கும் காணும் எண்டு கடிதம், பிறகு மூண்டாவது ஆள். ஒரு கடிதமும் பொய் இல்லை, ஆனா மூண்டையும் கூட்டிப் பாத்த ஆள் இல்லை. வலயம் மாத்தேக்க நகர அபிவிருத்தி அதிகார சபை அனுமதிக்கிற உச்ச மாடி அளவில லேன் முழுக்கக் கட்டினா என்ன ஆகும் எண்டு முதலே கணக்குப் போடோணும், குடுத்த கடிதங்களைக் கையிருப்பில இருந்து கழிச்சுக்கொண்டே வரோணும்.

எங்கட லேன்ல இப்ப அத்திவாரம் வெட்டின காணி ரெண்டு தகரம் அடிச்சுக் கிடக்கு. அதுகள் குடிக்கப்போற தண்ணி இன்னும் எந்தக் கேஜிலயும் தெரியேல்லை.