சாக்கடையை விடுங்கள், டிரம்மைத் திறந்து பாருங்கள்

நாலு நாள் அடைமழை, அப்புறம் ஒரு வாரம் சுள்ளென்று வெயில், மறுபடி ஒரு தூறல். ஐப்பசியில் மதுரை இப்படித்தான் இருக்கும், எங்கள் காய்ச்சல் வார்டும் இப்படித்தான் நிரம்பும். இந்த வாரம் ஒரு சிறுவனுக்கு டெங்கு உறுதியானதும், "தெருச் சாக்கடையை வாரியே பல மாதம் ஆகிறது டாக்டர், டெங்கு வராமல் என்ன செய்யும்?" என்று அவன் அம்மா கேட்டார். இதே கேள்வியை எத்தனை பேர்தான் கேட்பார்கள்!

சாக்கடை வாராதது தப்புதான். உரியவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே மண்டுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. ராத்திரியில் காதருகே ரீங்காரமிட்டுக் கடிப்பதும், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிறது. காலையிலும் மாலை மயங்குமுன்னும் மும்முரமாக இருக்கும். அது தேடுவது நீங்கள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரை. குடம், டிரம், சிமென்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு. 2006இல் சிக்குன்குனியா வந்து மாதக்கணக்கில் மூட்டுவலியில் முனகியவர்களைக் கேளுங்கள், அதுவும் இதே கொசு செய்த வேலைதான்.

"இந்த வருஷம் மழை குறைவுதானே, டெங்கு எப்படி?" என்பது அடுத்த கேள்வி. மழை கொட்டித் தீர்த்தால் வெளியில் தேங்கிய நீரில் இருக்கும் கொசுப்புழுக்கள் பல அடித்துச் செல்லப்படும். விட்டு விட்டுப் பெய்வதுதான் வம்பு, தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும் நிரம்பி அப்படியே நிற்கும். மழை பொய்த்தாலும் வம்புதான். வைகை வறண்டு குழாயில் தண்ணீர் தள்ளித் தள்ளி வந்தால், வீட்டுக்கு வீடு கூடுதலாக இரண்டு டிரம் முளைக்கும். போதாக்குறைக்கு வெயில் வேறு. டெங்கு வைரஸ் கொசுவின் உடலில் பெருகி எச்சிலுக்கு வர ஏறத்தாழ 8 முதல் 12 நாள் ஆகும். வெப்பம் கூடினால் அதுவும் குறையும்.

"வாராவாரம் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம்" என்கிறீர்கள். தண்ணீரைக் கொட்டினால் கொசு முட்டை போய்விடுமா? நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில், கரிப்பொடி தூவியதுபோல் ஒட்டியிருக்கும். தண்ணீரே இல்லாமல் பல மாதம் உயிரோடு கிடக்கும். மறுபடி நனைந்ததும் பொரியும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை நார் போட்டு அழுத்தித் தேய்த்து, காயவைத்து, பிறகு நிரப்புங்கள். அரைகுறை மூடி உதவாது. கொசு நுழைய இடமில்லாதபடி துணியை இழுத்துக் கட்டுங்கள்.

புகை அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். ஏடிஸோ வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியில்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவு வரும். பப்பாளி இலைச்சாற்றை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டான் என்று அழைத்துப் போக அவசரப்படுகிறீர்களே, டெங்குவில் ஆபத்தான கட்டமே அதுதான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், நள்ளிரவானாலும் சரி.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். தொட்டியைப் பார்க்க வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களை, மருந்து ஊற்றினால் தண்ணீர் நாறும் என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே விட்டு, கூடவே நின்று, அவர்கள் டார்ச் அடித்துக் காட்டும் இடத்தை நீங்களும் குனிந்து பாருங்கள்.