பன்னிரண்டாவது லெவலை எதற்குக் கொடுப்பது?

பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டில் 11-ஆவது லெவலை எட்டிய விஸார்டிடம் (மந்திரவாதிப் பாத்திரத்திடம்) மந்திரத்துக்குப் பஞ்சமே இருக்காது. ஃபயர்பால், ஹோல்ட் மான்ஸ்டர், டிசின்டெக்ரேட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் சண்டையில் தன் முறை வரும்போது, மந்திரம் போடுவது போல ஒன்றைச் செய்ய அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஆக்‌ஷன். நீடித்து நிற்கும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கான்சன்ட்ரேஷனில் (மனக்குவிப்பில்) பிடித்து வைத்திருக்க முடியும். அடி விழுந்தால் அதுவும் கலையலாம்.

உயர்ந்த லெவல் மந்திரவாதியின் உண்மையான நெருக்கடி இதுதான். லெவல் ஏறும்போது அந்த லெவலை ஃபைட்டர், கிளெரிக் போன்ற வேறொரு கிளாஸுக்கும் (பாத்திர வகைக்கும்) கொடுக்கலாம். அப்படி இன்னொரு கிளாஸைச் சேர்க்கும்போது இன்னும் பத்து மந்திரங்கள் கிடைக்கின்றனவா என்று பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. ஆக்‌ஷனிலோ கான்சன்ட்ரேஷனிலோ உள்ள இந்த நெருக்கடி தளர்கிறதா, அதற்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

முதலில் விலை. மந்திரம் போடத் தேவையான, போடப்போடச் செலவாகும் ஸ்பெல் ஸ்லாட்டுகள் மொத்த மந்திர லெவலைப் பொறுத்து வருகின்றன. விஸார்ட், சோர்சரர், கிளெரிக், ட்ரூயிட், பார்ட் ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு லெவலும் முழுதாகக் கணக்கில் சேரும். பாலடின், ரேஞ்சர் ஆகியோரின் லெவல்கள் பாதிதான் சேரும். சாதாரண ஃபைட்டர் (போர்வீரர்) லெவல் சேரவே சேராது. வார்லாக்கின் ஸ்லாட்டுகள் தனிக் கணக்கு. ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) எடுத்தாலே நிரம்பிவிடும்.

இந்த வளர்ச்சி சீரான சரிவாக ஏறுவதில்லை, படிக்கட்டுபோல ஏறுகிறது. மந்திர லெவல் 10-இல் 5-ஆம் நிலை (அந்த வலுவுள்ள மந்திரங்களுக்கான) ஸ்லாட்டுகள் இரண்டு இருக்கும். 11-இல் முதல் 6-ஆம் நிலை ஸ்லாட் திறக்கிறது. 12-இல்? ஸ்லாட் கணக்கில் ஒன்றுமே மாறுவதில்லை. விளையாட்டின் உச்ச லெவலும் அதுதான். அந்தக் கடைசி லெவலில் தனி விஸார்டுக்குக் கிடைக்கும் பெரிய வரவு ஒரு ஃபீட், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் ஒரு சிறப்புத் திறன். ஆகவே 12-ஆவது லெவலை வேறு கிளாஸுக்குக் கொடுத்தால் இழப்பு அந்த ஒரு ஃபீட் அளவுதான். 11-ஐயும் கொடுத்தால் கதை வேறு.

மொத்த லெவலைப் பார்த்து வளர்பவை பாதிக்கப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புரொஃபிஷியன்சி போனஸ் (தேர்ச்சி உள்ளவற்றில் பகடையோடு கூடும் எண்) அப்படித்தான். ஃபயர் போல்ட் போன்ற, ஸ்லாட் செலவில்லாத கேன்ட்ரிப்புகளும் 5, 10 ஆகிய மொத்த லெவல்களில் வலுவடைகின்றன. அந்த லெவல்கள் எந்தக் கிளாஸிலிருந்து வந்தவை என்று பார்ப்பதில்லை.

இப்போது ஃபைட்டரில் ஒரு லெவலும் விஸார்டில் 11 லெவலும் வைத்துப் பார்ப்போம். தொடக்க கிளாஸ் ஃபைட்டராக இருக்க வேண்டும், இது முக்கியம். அப்போதுதான் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோவில், அதாவது பாதிப்பைத் தவிர்க்க உருட்டும் பகடையில், புரொஃபிஷியன்சியும் கனமான கவசம் அணியும் தகுதியும் கிடைக்கும். பின்னால் சேர்த்தால் இரண்டும் வராது. கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையர் (அந்தப் பண்புக்காகப் பகடையோடு கூடும் எண்) +3 என்று வைத்துக்கொள்வோம். சிறிய அடி விழுந்தால் கான்சன்ட்ரேஷனைக் காக்க எல்லாம் கூட்டி 10 எடுக்க வேண்டும். புரொஃபிஷியன்சி இல்லாத விஸார்டுக்கு இருபதுமுகப் பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 70 சதவீத வாய்ப்பு. புரொஃபிஷியன்சி +4 சேர்ந்தால் 3 விழுந்தாலே போதும், 90 சதவீதம். ஒரு அடியில் இந்த வித்தியாசம் சுமாராகத் தெரியலாம். மூன்று அடிகள் அடுத்தடுத்து விழட்டும்: முதலாமவர் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம், இரண்டாமவருக்கு சுமார் 73 சதவீதம். வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் கலைந்தால், அது யார்மேல் போடப்பட்டதோ அவர் சோர்ந்து தன் முறையையே இழப்பார் என்பதை நினைத்தால் இந்த எண்களின் எடை புரியும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே புரொஃபிஷியன்சியை ரெசிலியன்ட் என்ற ஃபீட் மூலமும் வாங்கலாம், தனி விஸார்டுக்கு 12-இல் வரும் ஃபீட்டை அதற்கே செலவிடலாம். ஆனால் ஃபைட்டர் லெவல் கவசத்தையும் கேடயத்தையும் கூடவே கொண்டுவருகிறது. அதனால் என் ஓட்டு ஃபைட்டருக்கே.

ஃபைட்டரில் இரண்டாவது லெவலும் எடுத்தால் ஆக்‌ஷன் சர்ஜ் கிடைக்கும்: அதே முறையில் இன்னொரு ஆக்‌ஷன். ஃபயர்பாலின் சேதம் ஆறுமுகப் பகடை எட்டு, சராசரி 28. ஒரே மூச்சில் இரண்டு போட்டால் 56. விலையாகப் போவது அந்த ஒரே 6-ஆம் நிலை ஸ்லாட். அதில் போடும் செயின் லைட்னிங் என்ற மின்னல் மந்திரத்தின் சராசரி 45, அதுவும் லாங் ரெஸ்ட்டுக்கு (நீண்ட ஓய்வுக்கு) ஒருமுறைதான். ஆக்‌ஷன் சர்ஜோ ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்பி வரும்.

எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இன்னொன்று: டெம்பெஸ்ட் கிளெரிக் (புயல் சார்ந்த சக்தியுள்ள குருமார் வகை) 2, விஸார்ட் 10. இரண்டுமே முழு மந்திர கிளாஸ்கள் என்பதால் மந்திர லெவல் 12 அப்படியே நிற்கும், 6-ஆம் நிலை ஸ்லாட்டும் இருக்கும். சிக்கல் மந்திரத்தைக் கற்பதில்தான் வரும். 10-ஆவது லெவல் விஸார்ட், லெவல் ஏறும்போது 6-ஆம் நிலை மந்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த விளையாட்டுக்கு அடிப்படையான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி அந்தப் பெரிய ஸ்லாட்டில் சிறிய மந்திரங்களை வலுவாக்கிப் போடலாம், அவ்வளவுதான். ஆனால் பால்டர்ஸ் கேட் 3 இங்கே தாராளம் காட்டுகிறது: ஸ்லாட் இருந்தால் போதும், அந்த நிலை மந்திரச் சுருளிலிருந்து விஸார்ட் கற்றுக்கொள்ளலாம். செயின் லைட்னிங் சுருள் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் கற்ற மந்திரமும் ஸ்லாட்டும் சேர்ந்துவிடும். டெம்பெஸ்ட் கிளெரிக்கின் டிஸ்ட்ரக்டிவ் ராத் என்ற திறன், மின்னல் சேதத்தைப் பகடையின் உச்சத்துக்கே கொண்டுபோகும். எட்டுமுகப் பகடை பத்து என்பதால் 80. எதிரி முன்பே நனைந்திருந்தால் மின்னல் சேதம் இரட்டிப்பாகும், 160. சேவிங் த்ரோவில் தப்பினாலும் பாதி விழும். அந்த ஒரு ஆக்‌ஷன் அவ்வளவு கனமாகிவிடுகிறது.

கிளெரிக் பக்கத்து மந்திரங்களைத் தேர்வதில் மட்டும் கவனம் வேண்டும். அவற்றின் வலு விஸ்டம் (ஞானம்) என்ற பண்பைப் பொறுத்தது, விஸார்ட் மந்திரங்களின் வலுவோ இன்டலிஜென்ஸைப் (அறிவை) பொறுத்தது. இன்டலிஜென்ஸ் 20 உள்ளவரின் விஸார்ட் மந்திரத்தைத் தவிர்க்க எதிரி 17 எடுக்க வேண்டும். விஸ்டம் 10 மட்டுமே என்றால் அவரது கிளெரிக் மந்திரத்துக்கு 12 போதும். அதனால் பிளெஸ், ஹீலிங் வேர்ட் போல எதிரியின் பகடையைச் சாராதவையே நல்லது.

மந்திரவாதியைக் கலக்கவே கூடாது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2002-இல் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு விதிகளைப் பின்பற்றியது. அங்கே கிளாஸ்கள் ஒன்றோடொன்று கூடுவதில்லை. விஸார்ட் 6, கிளெரிக் 6 என்று பிரித்தவர் இரு பக்கமும் 3-ஆம் நிலையோடு நிற்பார், தனி விஸார்டோ 6-ஆம் நிலையில் இருப்பார். ஃபயர்பால்கூட விஸார்ட் லெவலுக்கு ஒரு பகடை வீதம்தான், அதனால் ஆறு பகடைதான் விழும்.

இனி எப்போது மாற்றுவது என்ற கேள்வி. 5-ஆவது லெவலில் வரும் ஃபயர்பாலைத் தள்ளிப்போட்டு, நடுவழியில் மெலிந்து திண்டாட வேண்டியதில்லை. முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 தங்கம் கொடுத்தால் லெவல்களை முதலிலிருந்து அடுக்கிக்கொள்ளலாம். அதனால் 12 வரை தனி விஸார்டாகவே போய்விட்டு அப்புறம் மாற்றுவது சுகம். அப்படி அடுக்கும்போது, எவொகேஷன் (நேரடியாகத் தாக்கும் மந்திரங்களின் பிரிவு) விஸார்டாக இருந்தால் விஸார்ட் லெவலை 10-க்குக் கீழே இறக்காதீர்கள். எவொகேஷன் மந்திரங்களின் சேதத்தில் இன்டலிஜென்ஸ் மாடிஃபையரைச் சேர்க்கும் எம்பவர்ட் எவொகேஷன் அந்த லெவலில்தான் வருகிறது. கிளெரிக் 4, விஸார்ட் 8 என்று பிரித்தால் மூன்று ஃபீட்டுகளும் மிஞ்சும்தான், ஆனால் இது போய்விடும்.