கம்ப்ரஸ்டு ஏர் ஸ்பிரேயர்: சொல் விளக்கம்

வீட்டின் பின்கட்டிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ சிறிய பட்டறை வைத்திருப்பவர்கள், டிரில்லின் காற்றுத்துளைகளில் அடைந்த மரத்தூளையும் கிரைண்டரின் இடுக்குகளில் படிந்த இரும்புத்தூளையும் வெளியேற்ற ஒரு கருவியைத் தேடத் தொடங்கினால், ‘கம்ப்ரஸ்டு ஏர் ஸ்பிரேயர்’ என்ற பெயரைத்தான் முதலில் சந்திக்கிறார்கள். இந்தப் பெயரில் குறைந்தது மூன்று வேறு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. தீர்ந்தவுடன் தூக்கி எறியும் தகர டப்பா ஒன்று. வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிப்பது போல அடித்து மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளும் உலோகக் குப்பி ஒன்று. கையால் பம்பு அடித்து மருந்தோ தண்ணீரோ தெளிக்கும் தோட்டக் குடுவை ஒன்று. மூன்றும் செய்யும் வேலை ஒன்றல்ல. பெயரில் உள்ள மூன்று சொற்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால், நமக்கு வேண்டியது எது என்பதும், அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதும் சேர்ந்தே தெளிவாகும்.

‘கம்ப்ரஸ்’ என்ற ஆங்கில வினை, லத்தீன மொழியின் ‘கோம்ப்ரிமெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. அதில் ‘கோம்’ என்ற முன்னொட்டுக்குச் ‘சேர்த்து’ என்றும், ‘ப்ரெமெரே’ என்பதற்கு ‘அழுத்து’ என்றும் பொருள். வெறும் அழுத்தம் மட்டுமல்லாமல், பரந்திருந்ததைச் சேர்த்துச் சிறிய இடத்துக்குள் ஒடுக்குதல் என்பதே இதன் உட்பொருள். தமிழில் இதற்கு இரண்டு வினைகள் போட்டியிடுகின்றன. அழைப்பு மணியை அழுத்துகிறோம். மூட்டைக்குள் பஞ்சை அமுக்கி அடைக்கிறோம். பேச்சுவழக்கில் இவ்விரண்டும் அவ்வப்போது இடம் மாறிக்கொள்ளும் என்றாலும், பருமன் குறைகிறது என்ற குறிப்பு ‘அமுக்கு’ என்பதில்தான் அழுத்தமாக இருக்கிறது. செய்தித்தாள்கள் எழுதும் ‘அழுத்தப்பட்ட காற்று’ தவறன்று. ஆனால் செயப்பாட்டு வினையின் சுமையோடு வரும் நீண்ட தொடர் அது. ‘அமுக்கக் காற்று’ என்று சுருக்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் அழுத்தம் என்று எழுதுவதை இலங்கையில் அமுக்கம் என்று எழுதுவார்கள். இங்கே ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்று அறிவிக்கப்படும் அதே வானிலை அங்கே ‘தாழமுக்கம்’ என்று அறிவிக்கப்படுகிறது. ஆகவே பெயரெச்சமாக ‘அமுக்கிய காற்று’ என்று எழுதுவதே இரு கரையிலும் ஒரே பொருள் தரும். கட்டுரையின் மிச்சப் பகுதியில் அதையே பயன்படுத்துகிறேன். இதே வழியில், கம்ப்ரசர் என்ற இயந்திரத்தைக் ‘காற்றமுக்கி’ எனலாம். ஆனால், 1960-ல் தொடங்கிய எல்ஜி எக்யுப்மென்ட்ஸ் போன்ற காற்றமுக்கி நிறுவனம் இருக்கும் கோயம்புத்தூரிலேயே பட்டறைக்காரர்களின் வாயில் கம்ப்ரசர் என்ற சொல்தான் புழங்குகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சொல்லான ‘ஏர்’ எளிதாகத் தோன்றும். ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது. காற்று என்பதும் வளி என்பதும் நம்மைச் சூழ்ந்திருக்கும், நாம் சுவாசிக்கும் பொருளைக் குறிப்பவை. தொல்காப்பியம் ஐம்பூதங்களை எண்ணும்போது ‘நிலம் தீ நீர் வளி விசும்பு’ என்றே எண்ணுகிறது. வாயு என்பதோ இன்றைய அறிவியல் தமிழில் ஆக்சிஜன், எரிவாயு, குளிர்பதன வாயு என எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். தூக்கி எறியும் டப்பாவின் மேல் ‘ஏர்’ என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது காற்று அன்று. பெரும்பாலும் அது டைபுளூரோஈத்தேன் அல்லது டெட்ராபுளூரோஈத்தேன் என்ற வாயு. அதுவும் திரவ வடிவில். டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே நீர் ஆடுவது போன்ற ஒலி கேட்கும். தலைகீழாகப் பிடித்து விசையை அழுத்தினால், வாயுவுக்குப் பதில் திரவமே வெளியேறி, பட்ட இடத்தில் வெண்மையாக உறைபனி படியும். விரலில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். டைபுளூரோஈத்தேன் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள் என்பதே இதற்குக் காரணம். அது தீப்பற்றவும் கூடியது; பொறி பறக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் அதை அடிப்பது அறிவுடைமை ஆகாது. டெட்ராபுளூரோஈத்தேன் தீப்பற்றாது; ஆனால் நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 1,300 மடங்கோ அதற்கு மேலோ புவியைச் சூடாக்கக் கூடியது. இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கவே 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் பன்னாட்டு உடன்பாடு ஏற்பட்டது.

உண்மையான காற்றையே அந்த டப்பாவில் அடைத்து விற்கலாமே என்று கேட்கத் தோன்றும். அறை வெப்பத்தில் எவ்வளவு அமுக்கினாலும் காற்று திரவமாகாது. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 140 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் அது திரவமாக இசையும். எனவே டப்பாவுக்குள் காற்றை வாயுவாகவே அமுக்கி வைக்க முடியும். அப்போது அதன் அளவு எவ்வளவு என்பதை 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி சொல்லிவிடும். ஒரு லிட்டர்க் குப்பியில், வெளிக்காற்றைவிட 6 பார் கூடுதல் அழுத்தத்துக்குக் காற்றடித்தால் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்), திறக்கும்போது வெளியே வருவது 6 லிட்டர் காற்றுதான். ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள முனை வழியாக, அந்த அழுத்தத்தில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்று பாயும். நான்கைந்து நொடிகளில் அழுத்தம் பாதியாகிவிடும். அதன்பின் வேகம் தளர்ந்துகொண்டே போகும். 400 கிராம் டைபுளூரோஈத்தேன் உள்ள டப்பாவோ 145 லிட்டர் வாயுவைத் தரும்; உள்ளே திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தமும் பெரிதாகக் குறையாது. தொடர்ந்து அழுத்தினால் டப்பா குளிர்ந்து வேகம் தளரும். சற்று நேரம் வைத்துவிட்டால் மீண்டும் பழைய வேகம் வரும். மீண்டும் நிரப்பும் குப்பியை வாங்கியவர்கள் ‘இது ஏன் ஒரே ஊதலில் தீர்ந்துவிடுகிறது’ என்று குறைப்படுவதன் காரணம் பொருளின் தரக்குறைவு அன்று. பெயரில் காற்று என்றிருப்பது இங்கே உண்மையாகிவிட்டதுதான் காரணம்.

மூன்றாவது சொல்லான ‘ஸ்பிரே’, டச்சு மொழிப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது; நீரைத் தூவுதல், அலை மோதும்போது எழும் நீர்த்திவலை என்பதே அதன் பழைய பொருள். தமிழில் தெளித்தல், தூவுதல் என்பவை இதற்கு நேரானவை. வாசல் தெளிப்பதும் சாணம் தெளிப்பதும் நீர்மங்களைத்தானே தவிரக் காற்றை அன்று. வேளாண்மைத் துறையினர் கைத்தெளிப்பான், விசைத்தெளிப்பான் என்று எழுதுவது முற்றிலும் சரி; ஆனால் காற்றை மட்டும் வெளியேற்றும் கருவியைத் ‘தெளிப்பான்’ என்பது பொருந்தாது. காற்றுக்கு உரிய வினை ஊது. அடுப்படியின் ஊதாங்குழல் அந்த வினையிலிருந்தே பிறந்தது. நீர்மத்தைப் பீச்சும் கருவிக்குப் பீச்சாங்குழல் என்ற பெயர் இருக்கிறது. அதற்கும் முன்பாக, நீர்விளையாட்டில் ஒருவர்மேல் ஒருவர் நீர் வீசிய கருவிக்குச் சிவிறி என்று பெயர். வையை நீராட்டைப் பாடும் பரிபாடலில் இச்சொல் வருகிறது. இன்றைய ஸ்பிரே கன்னுக்கு இவ்வளவு சுருக்கமான சொல் கிடைப்பது அரிது. எனினும் யாரும் எடுத்து ஆளாததால் அகராதியிலேயே கிடக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்நயம் அன்று. அதே ஒரு லிட்டர்க் குப்பியில் பாதிவரை நீர்மத்தை ஊற்றிவிட்டு, மீதி அரை லிட்டர் இடத்தில் 6 பாருக்குக் காற்றடித்தால், நீர்மம் முழுவதும் வெளியேறி முடியும்போதும் உள்ளே ஏறக்குறைய 2.5 பார் அழுத்தம் மிச்சமிருக்கும். காற்று வெளியே போகாமல் உள்ளேயே இருந்து நீர்மத்தைத் தள்ளுகிறது. அதனால் அரை லிட்டர் துப்புரவுக் கரைசலையும் கடைசிச் சொட்டு வரை அது விசையோடு வெளியேற்றும். எனவே மீண்டும் நிரப்பும் குப்பி, தெளிப்பானாக நன்றாக வேலை செய்யும். ஊதியாக மிகச் சிறிது நேரமே வேலை செய்யும். செயின் கழுவும் மண்ணெண்ணெயையோ கிரீஸ் நீக்கும் கரைசலையோ தெளிக்க வேண்டியவருக்கு அது சிக்கனமான கருவி. மரத்தூளை ஊதித்தள்ள வேண்டியவர் அதை வாங்குவது வீண்செலவு. ஸ்பிரேயர் என்ற ஒரே சொல் இவ்விரு வேலைகளையும் மூடி மறைப்பதால்தான் வாங்குபவர் தடுமாறுகிறார். (மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தெளிக்கும்போது அருகில் தீயும் பொறியும் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.)

ஊதும் கருவிக்குத் தமிழில் உள்ள மிகப் பழைய பெயர் துருத்தி. கொல்லன் உலையில் தோலால் ஆன துருத்தியைக் காலால் மிதித்தும் கையால் இழுத்தும் காற்றைச் செலுத்தினார்கள். மிதித்து இயக்கியதால் மிதிதோல் என்ற பெயரும் அதற்கு உண்டு. குறுந்தொகையின் 172-ஆம் பாடல், ‘ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்’ என்று, ஏழு ஊர்களின் வேலைக்கும் ஓர் ஊரில் கட்டிவைத்த ஒரே துருத்தி ஓய்வின்றி உழைப்பதைத் தலைவியின் நெஞ்சுக்கு உவமையாக்குகிறது. அந்த மிதிதோல் செய்த வேலை, இன்றைய காற்றமுக்கியும் அதன் குழாய் முனையில் மாட்டி விசையை அழுத்திக் காற்றை ஊதும் ஏர்கன்னும் சேர்ந்து செய்யும் வேலையிலிருந்து அடிப்படையில் வேறானதன்று: வெளிக்காற்றை உள்ளிழுத்து, ஒடுக்கி, ஒரு குறுகிய வாய் வழியாக வேகத்தோடு வெளியேற்றுவது. துருத்தியில் காற்றைச் சேர்த்துவைக்க இடமில்லை. காற்றமுக்கிக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அவ்வளவே.

மக்கள் பேச்சு இந்தச் சிக்கலையெல்லாம் ஒரே வினையில் கடந்துவிடுகிறது. வண்டிக்குக் காத்து அடிக்கிறார்கள், வயலுக்கு மருந்து அடிக்கிறார்கள், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். மெக்கானிக் கடையில் கார்பரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ‘ஏர் அடிச்சு விடு’ என்கிறார்கள். நீர்மமானாலும் காற்றானாலும் விசையோடு வெளியேறுவது அனைத்தும் ‘அடி’யில் அடங்கும். பேச்சுக்கு இது போதும். விலைப்பட்டியலுக்கும் கையேட்டுக்கும் போதாது. என் பரிந்துரை இதுதான். காற்றை மட்டும் வெளியேற்றுவது காற்றூதி. அமுக்கிய காற்றின் விசையால் நீர்மத்தை வெளியேற்றுவது காற்றுவிசைத் தெளிப்பான். மீண்டும் நிரப்பக் கூடியது என்று காட்ட வேண்டுமானால் ‘நிரப்புகாற்றூதி’, ‘நிரப்புதெளிப்பான்’ என்று வினைத்தொகையாகச் சேர்க்கலாம். ‘மறுநிரப்பத்தக்க அழுத்தப்பட்ட காற்றுத் தெளிப்பான்’ என்று நீட்டி எழுதுவதைவிட இது வாயில் நுழையும். தூக்கி எறியும் டப்பாவைக் காற்று என்ற சொல்லே இல்லாமல் ‘வாயு டப்பா’ என்று அழைப்பதே நேர்மை.

நிரப்புதெளிப்பான் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் வால்வு. பெரும்பாலானவற்றில், கார், மோட்டார் சைக்கிள் சக்கரங்களில் இருப்பது போல நடுவில் சிறு ஊசியும் வில்லும் கொண்ட ஷ்ரேடர் வால்வுதான் இருக்கும். பெட்ரோல் பங்கின் காற்றுக் குழாயே அதற்குப் பொருந்தும். பழைய சைக்கிள்களின் ரப்பர் வால்வு டியூபுக்கான பம்பு அதற்குப் பொருந்தாது. குப்பியின் மேல் அச்சிட்ட உச்ச அழுத்தத்தையும் நீர்மக் கோட்டையும் தாண்டக் கூடாது. காலியான வாயு டப்பாவில் துளையிட்டு வால்வு பொருத்தி நிரப்புவதும், சோடா பாட்டிலைத் தொட்டியாக்குவதும் சிலர் செய்யும் ஆபத்தான வேலைகள். வெயிலும் கீறலும் பட்ட பாட்டில் எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

தூசு தட்டுவதே முக்கிய வேலை என்றால், நிரப்புகாற்றூதியைத் தேடுவதை விட்டுவிட்டு, தொட்டியோடு கூடிய சிறிய காற்றமுக்கியையும் ஏர்கன்னையும் வாங்குவதே நல்லது. அந்த அளவுக்கு வேலை இல்லாதவருக்கு மின்கலத்தில் ஓடும் புளோயர் போதும். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசையில் இருக்கும் ரப்பர் ஊதி, நுண்ணிய பாகங்களுக்கு இன்றும் நன்றாகவே உதவுகிறது. காற்றமுக்கியின் தொட்டியில், காற்றிலுள்ள ஈரம் நீராகத் தேங்கும். கடலோர ஊர்களில் அது இன்னும் அதிகம். தொட்டியின் அடியிலுள்ள சிறு குழாயைத் திறந்தால் துருநிறத்தில் தண்ணீர் வழியும். அதை வடிக்காமல் மோட்டாருக்குள் ஊதினால் தூசு போன இடத்தில் ஈரம் போய் உட்காரும். துப்புரவுக்கு எவ்வளவு அழுத்தம் போதும் என்பதற்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி ஓர் அளவு தருகிறது: சுத்தம் செய்ய அமுக்கிய காற்றைப் பயன்படுத்தினால் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.-க்கு, அதாவது ஏறக்குறைய 2 பாருக்குக் கீழே குறைக்கப்பட வேண்டும். சிதறும் துகள்களுக்குத் தடுப்பும் கண்ணாடி போன்ற பாதுகாப்பும் இருக்க வேண்டும். சட்டையில் ஒட்டிய தூளைத் தட்ட ஏர்கன்னை உடம்பின் மேல் திருப்புவது பல பட்டறைகளில் அன்றாட வழக்கம். காயத்தின் வழியாகக் காற்று தோலுக்கடியிலோ ரத்தக் குழாயிலோ நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. உடம்புக்குத் துடைப்பானும் துணியும் போதும்.