கடிகாரம் யார் கையில்? தொடர் இணைப்புகளில் டிடிஇயும் டிசிஇயும்

பயிற்சிக்கூட மேசையில் இரண்டு ரவுட்டர்களை வைத்து, அவற்றின் சீரியல் முனைகளைக் கேபிளால் இணைத்து, இரண்டுக்கும் ஐபி முகவரி கொடுத்த பிறகும் இணைப்பு உயிர்பெறாமல் கிடப்பதை வலையமைப்புப் படிக்கும் மாணவர் பலர் பார்த்திருப்பார்கள். பழைய சிஸ்கோ ரவுட்டராக இருந்தால் 'சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன்' என்று, அதாவது முனை இயங்குகிறது, ஆனால் தொடர்பு அமையவில்லை என்று, திரை காட்டும். கேபிளின் ஒரு முனையில் டிசிஇ (தரவுச் சுற்று முடிவுக் கருவி) என்றும் மறுமுனையில் டிடிஇ (தரவு முனையக் கருவி) என்றும் அச்சிட்டிருக்கும். டிசிஇ முனை செருகிய ரவுட்டரில் 'கிளாக் ரேட் 64000' என்ற ஒரே கட்டளையைக் கொடுத்தால், சில நொடிகளில் இணைப்பு எழுந்துவிடும். இந்தக் கட்டளையை மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். அது எதற்காக என்று கேட்டால் தயங்குபவர்களும் அதே அளவுக்கு உண்டு.

ஒரே கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, ஒரு பிட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது பெறும் கருவிக்குத் தெரிய வேண்டும். தொடர்ந்து நூறு ஒன்றுகள் வந்தால் கம்பியில் இருப்பது மாறாத ஒரே மின்னழுத்தம்தான். அதை நூறு என்று எண்ணுவதற்கு ஒரு தாளம் தேவை. ஒத்திசைவற்ற முறையில் ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு குறிப்பு பிட் சேர்த்து இதைச் சமாளிப்பார்கள்; ஆனால் அனுப்பும் பத்தில் இரண்டு அதற்கே செலவாகிவிடும். மாதவாடகை கொடுத்து எடுக்கும் லீஸ்டு லைனில் ஐந்தில் ஒரு பங்கை இப்படி விட்டுவிட முடியாது என்பதால், தரவுக்குத் தனிக் கம்பி, தாளம் சொல்லும் துடிப்புக்குத் தனிக் கம்பி என்ற ஒத்திசைவு முறை அங்கே வேரூன்றியது.

அந்தத் துடிப்பை யார் தருவது என்பதில்தான் பாத்திரங்கள் பிரிகின்றன. தரவு பிறக்கும் அல்லது போய்ச்சேரும் கருவி டிடிஇ; ரவுட்டர் இந்த வகை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கம்பி வந்து முடியும் மோடம் போன்ற கருவி டிசிஇ. 1960-இல் வந்த, சீரியல் இணைப்புக்கான ஆர்எஸ்-232 தரத்திலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. அதன் 25 முள் இணைப்பானில் எல்லாப் பெயர்களும் டிடிஇயின் பார்வையில் வைக்கப்பட்டவை: 2-ஆம் முள்ளின் பெயர் 'அனுப்பும் தரவு' என்றாலும், மோடத்தைப் பொறுத்தவரை அது உள்ளே வரும் வழி. 15-ஆம் முள்ளில் அனுப்புவதற்கான துடிப்பும் 17-ஆம் முள்ளில் பெறுவதற்கான துடிப்பும் வருகின்றன. இரண்டையும் தருவது டிசிஇதான். அதாவது, ரவுட்டர் தான் அனுப்பும் தரவைக்கூடத் தன் விருப்பப்படி அனுப்புவதில்லை. மோடம் தட்டும் தாளத்துக்கே ஒவ்வொரு பிட்டையும் எடுத்துவைக்கிறது. பயிற்சிக்கூட மேசையில் மோடம் இல்லை; அதனால் டிசிஇ முனை செருகிய ரவுட்டரே அந்தத் தாளத்தைத் தர வேண்டும். 'கிளாக் ரேட்' கட்டளை அதற்குத்தான்.

ரவுட்டருக்கு ஏன் அந்த உரிமை இல்லை? ஏனெனில் மோடத்துக்கு அப்பால் இருப்பது ஒரே தாளத்தில் ஓடும் பெரிய வலையமைப்பு. ஒரு குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, அளவுக்கு எட்டு பிட் என்று வைத்தால் 64 கிலோபிட்; அப்படி 32 நேர இடங்கள் (ஒவ்வொன்றும் முறை வரும்போது தன் எட்டு பிட்டை அனுப்பும்) சேர்ந்தது இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கும் 2.048 மெகாபிட் ஈ1 இணைப்பு. 32 இடங்களும் ஒரு சுற்று வர 125 மைக்ரோநொடி ஆகும். இரு கடிகாரங்கள் சிறிது வேறுபட்டாலும் இடையிலுள்ள தாங்ககம் (பிட்டுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவகம்) மெல்ல நிரம்பி, அல்லது காலியாகி, ஒரு முழுச் சுற்று தொலைந்தோ இரட்டித்தோ போகும். இதையே சறுக்கல் என்கிறோம். தலைமைக் கடிகாரங்களுக்கான சர்வதேசத் தரம் அனுமதிக்கும் பிழை பத்தாயிரம் கோடியில் ஒன்று. அப்படிப்பட்ட இரண்டு கடிகாரங்கள் எதிரெதிர்த் திசைகளில் விலகினாலும் சறுக்கல் நேர 72 நாளாகும். பத்து லட்சத்தில் 50 என்ற அளவுக்கு விலகும் இரண்டு சாதாரணப் படிக அலையியற்றிகள் (கருவிகளுக்குள் துடிப்பு தரும் சிறு பாகங்கள்) அவ்வாறே எதிரெதிராக ஓடினால், ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை சறுக்கும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு, கடிகாரத்தை வலையமைப்பின் பக்கமே விட்டுவைத்ததன் காரணத்தை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேகம் கூடும்போது இன்னொரு நுட்பம் குறுக்கிடுகிறது. மோடத்தின் துடிப்பு கேபிள் வழியே ரவுட்டரை அடைந்து, அதன்படி ரவுட்டர் விட்ட பிட் திரும்பி மோடத்தை அடைவதற்குள் ஒரு சுற்றுப்பயணத்தின் நேரம் கழிந்துவிடுகிறது. மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோநொடி என்று கொண்டால், 15 மீட்டர் கேபிளில் போய்வர 150 நானோநொடி. 64 கிலோபிட்டில் ஒரு பிட்டின் நீளம் 15,625 நானோநொடி. 150 அங்கே பொருட்டே இல்லை. 2.048 மெகாபிட்டிலோ ஒரு பிட்டுக்கு 488 நானோநொடிதான். பிட்டின் நடுவில் படிக்க நினைக்கும் மோடத்துக்கு இருபுறமும் 244 மட்டுமே இடம். கேபிளின் 150-உடன் சுற்றுகளின் தாமதமும் சேர்ந்தால், பிட் மாறும் விளிம்பிலேயே படிக்க நேர்ந்து பிழைகள் பெருகும். இதற்கு உதவுவது டிடிஇ தரும் துடிப்புக்கான தனிக் கம்பி; ஆர்எஸ்-232-இல் அது 24-ஆம் முள். ரவுட்டர் தான் பெற்ற துடிப்பைத் தன் தரவோடு சேர்த்தே திருப்பியனுப்ப, இரண்டும் ஒரே அளவு தாமதித்து வருவதால் மோடம் தவறாமல் படிக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். தாமதத்தை நீக்காமலே அதன் தீங்கை நீக்கிவிடுகிறது.

நிறுவனத்தின் இணைப்பு எதுவும் இல்லாமல், சொந்தக் கம்பியில் இரு ரவுட்டர்களின் ஈ1 அட்டைகளை இணைப்பவர்களுக்கும் கடிகாரத்தை யார் தருவது என்ற தேர்வு கைக்கு வருகிறது. இரண்டிலும் கடிகாரத்தை உள்ளிருந்து எடுக்கச் சொன்னால் இணைப்பு எழும், பிங் (சோதனைச் செய்தி) செல்லும், அவ்வப்போது மட்டும் பொட்டலங்கள் காணாமல்போகும். முற்றிலும் அறுந்த இணைப்பைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டையும் எதிர்முனையின் தாளத்தைப் பின்பற்றச் சொன்னால் முதலாகத் தாளம் தருவோர் யாருமின்றி இரண்டும் சேர்ந்தே அலையும். அட்டையின் நிலையைக் கேட்டால், 15 நிமிட இடைவெளிகளாகப் பிரித்துச் சறுக்கல் நேர்ந்த நொடிகளை அது காட்டும். ஒரு முனையை உள்கடிகாரத்திலேயே விட்டு, மறுமுனையை மட்டும் கம்பியிலிருந்து எடுக்கும்படி மாற்றிய பின் தொடங்கும் அடுத்த இடைவெளியில் அந்த எண்ணிக்கை சுழியமாக நிற்கும்.