ரீடர்: படிப்பானா, வினவியா?

"பேலன்ஸ் இருக்கு சார், ரீடர்தான் படிக்கல." வானகரம், சூரப்பட்டு, பரனூர் என்று எந்த டோல்கேட்டில் நின்றாலும் காதில் விழக்கூடிய வாக்கியம். ‘ரீடர்’ என்பது லேனுக்கு மேலே தொங்கி, வண்டியின் ஃபாஸ்டேகோடு பேசும் கருவி. அந்தச் சொல்தான் கருவியின் வேலையைத் தப்பாகக் காட்டுகிறது.

ஆங்கில ‘ரீட்’டின் பழைய வடிவத்துக்கு அறிவுரை சொல்வது, விடுகதையை அவிழ்ப்பது என்ற பொருள்களும் இருந்தன. தமிழில் ‘படிப்பான்’, ‘வாசிப்பான்’ என்கிறோம். சில மொழிபெயர்ப்புகளில் ‘வாசகர்’ என்றே வந்துவிடும். வாசகர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுபவர். லேனுக்கு மேலே தொங்குபவர் அல்லர்.

ஃபாஸ்டேகில் பேட்டரி கிடையாது. மேலிருந்து வரும் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலையிலேயே சக்தி எடுத்து விழிக்கும். அதே அலையை மாற்றி மாற்றித் திருப்பி அனுப்பிப் பதில் சொல்லும். இந்த உரையாடலைத் தொடங்கும் கட்டளையின் பெயரே ‘க்வெரி’. தரநிலை ஆவணங்களில் கருவியின் பெயர் ‘இன்டெராகேட்டர்’. லத்தீன் ‘ரோகாரே’, அதாவது கேட்பது, அதன் வேர். ஆகவே சரியான தமிழ்ச்சொல் ‘வினவி’. "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்கிறது தொல்காப்பியம்: விடையும் கேள்வியும் பிசகாமல் பார்த்துக்கொள். லேன் அமைப்பவர் சுவரில் எழுதி ஒட்டலாம். டேகைச் ‘செப்பி’ என்று அழைக்க ஆசைதான். செம்பும் சிமிழும் நினைவுக்கு வந்து குழப்பும். ‘வில்லை’ போதும்.

படிப்பான் என்று நினைப்பவர், வில்லை சிக்காவிட்டால் ‘பார்வை மங்கல்’ என்று கருவியின் அலைத் திறனைக் கூட்டுவார். வினவி என்று நினைத்தால், கூட்டுவது குரலை என்பது புரியும். நெடுஞ்சாலை டோல் லேனின் வழக்கமான அகலம் 3.2 மீட்டர்தான். சத்தம் கூடினால் பக்கத்து லேன் காரும் பதில் சொல்லும். இந்த லேனில் நிற்கும் லாரிக்கு அந்தக் காரின் கணக்கில் பணம் போகும். 1 வாட், அதாவது திறனை அளக்கும் டிபிஎம் கணக்கில் 30, உச்ச வரம்பு. எட்டியே தீரவேண்டிய இலக்கு அல்ல. 3 டிபி குறைத்தால் திறன் பாதியாகும். ஆன்டெனாவை எதிரே வரும் வண்டியின் முன்கண்ணாடி நோக்கிச் சாய்த்து, குறைந்த திறனில் தொடங்கி 1 டிபியாக ஏற்றுங்கள். சொந்த லேன் வில்லை தவறாமல் பேசும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு பக்கத்து லேனில் ஒரு காரை நிறுத்திப் பாருங்கள். அது பேசினால் இன்னும் குறைக்க வேண்டும், அல்லது சாய்வை மாற்ற வேண்டும். தரையில் புதைத்த லூப் என்ற கம்பிச்சுருள் வண்டியை உணர்ந்த பிறகே வினவும்படி அமைத்தால் பாதித் தொல்லை போய்விடும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய வில்லைக்கு மட்டும் இதெல்லாம் உதவாது.

பலர் கவனிக்காதது ‘செஷன்’ அமைப்பு: பதில் சொல்லிவிட்டதை வில்லை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்பதை எஸ்0, எஸ்2 போன்ற தேர்வுகள் முடிவு செய்யும். எஸ்2 வைத்தால், ஒருமுறை பதில் சொன்ன வில்லை, அலை நின்ற பின்னும் குறைந்தது 2 விநாடி அதை மறக்காது. அலை தொடர்ந்தால் மறக்கவே மறக்காது. பக்கத்து லேன் வினவி முந்திக் கேட்டுவிட்டால், சொந்த லேனில் அது வாய் திறக்காது. கெட்டுப்போன வில்லை என்று வண்டிக்காரரைத் திட்டுவார்கள். எஸ்0 வையுங்கள், திரும்பத் திரும்ப வரும் பதில்களை டிஐடி என்ற வில்லையின் தனி எண்ணைக் கொண்டு லேன் கணினியில் கழித்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க் பக்கம்: புதுக் கருவிகள் பல ஒரே ஐபி முகவரியோடு வரும். ஒவ்வொன்றாகச் செருகி, லேன் எண்ணோடு பொருந்தும் நிலையான முகவரி கொடுங்கள்: 7ஆம் லேனுக்குக் கடைசி எண் 17 என்பதுபோல. எல்லாக் கடிகாரங்களும் நேரம் சொல்லும் ஒரே என்டிபி சர்வரைப் பார்க்கட்டும். வினவியும் கணினியும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எல்எல்ஆர்பியின் இணைப்பு 5084ஆம் போர்ட்டில்; பொதுவாக வினவி ஒரு நேரத்தில் ஒரே கணினியோடுதான் பேசும். சோதித்தவர் தன் லேப்டாப் இணைப்பைத் துண்டிக்காமல் விட்டால் லேன் கணினி வெளியே நிற்கும். அப்போதும் சாவடியில் சொல்வது "ரீடர் படிக்கல" என்றுதான். உண்மையில் யாரும் வினவியிடம் ‘கேள்’ என்று சொல்லவே இல்லை.