பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு குமிழி

எட்டு மாதம் ஷெட்டில் நின்ற எங்கள் அம்பாசடரைப் போன ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தேன். வாசல் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது: பிரேக் பெடல் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி இறங்கியது. விட்டு விட்டு நாலு தடவை மிதித்தால் மேலே வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பஞ்சு. மெக்கானிக்குகள் இதை "ஏர் பிடிச்சிருக்கு" என்று முடித்துவிடுவார்கள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், பின்பக்க இடது வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும் சிறு உருளை) ரப்பர் தேய்ந்து கசிந்திருந்தது. பிரேக் ஆயில் வெளியே போன வழியிலேயே காற்று உள்ளே வந்திருக்கிறது. புது ரப்பர் போட்டு, ஆயில் ஊறிப்போன பிரேக் ஷூவையும் மாற்றினேன். மிச்சம் இருந்த வேலை காற்றை வெளியேற்றுவது.

ஒரு சின்னக் குமிழி ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரின் பிரேக்கை எப்படிக் கெடுக்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் தீவிரம் புரியும்.

பெடலை 20 கிலோ விசையோடு மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை 5 மடங்காக்கினால், பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் 100 கிலோ இறங்கும். பிஸ்டனின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 3.8 சதுர சென்டிமீட்டர். ஆக, குழாய்க்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 26 கிலோ அழுத்தம். அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னார். அதனால் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கிறது. இப்படித் திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வருவதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளாலும் கேபிள்களாலும் சக்கரங்களை இழுத்துப் பிடித்தார்கள். எல்லாச் சக்கரத்திலும் சமமாகப் பிடிக்கும்படி அவற்றைச் சரிசெய்வது பெரும்பாடு. மால்கம் லாக்ஹெட் 1917இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் அதோடு வந்தது.

சரி, குமிழிக்கு வருவோம். திரவம் கிட்டத்தட்ட சுருங்காது. கால் லிட்டர் பிரேக் ஆயிலை இந்த 26 கிலோ அழுத்தத்தில் அமுக்கினால், அது அரை மில்லிலிட்டர்கூடச் சுருங்காது. காற்று அப்படியில்லை. அதே அழுத்தத்தில் அது சுமார் 26இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குழாய்க்குள் வெறும் 2 மில்லிலிட்டர் காற்று இருந்தால், அதில் 1.9 மில்லிலிட்டர் காணாமல் போகும். அந்த இடத்தை நிரப்ப மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 5 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டும். பெடலில் அது 5 மடங்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டர். அரை டீஸ்பூன்கூட இல்லாத காற்று, பெடலின் பயணத்தில் ஓர் அங்குலத்தை விழுங்கிவிடுகிறது!

விட்டு விட்டு மிதித்தால் பெடல் மேலே வருவதற்கும் காரணம் உண்டு. சட்டென்று காலை எடுத்தால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் வேகமாகத் திரும்பும். சக்கரத்திலிருந்து திரவம் அந்த வேகத்தில் திரும்பி வராது. அந்த இடைவெளியை நிரப்ப, டாங்கியில் இருக்கும் ஆயில் ரப்பரின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அடுத்த மிதியில் குழாயில் கூடுதல் திரவம் இருப்பதால் பெடல் உயர்கிறது. சும்மா விட்டால் அந்தக் கூடுதல் ஒரு சிறு துளை வழியாக டாங்கிக்கே போய்விடும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமானாலும் பெடல் தாழ்ந்துதான் போகும், விட்டு விட்டு மிதித்தால் மேலே வரும். வித்தியாசம் காலுக்குத் தெரியும்: இடைவெளி என்றால் பெடல் தாழ்ந்து போனாலும் நிற்கும் இடத்தில் கல்லாக நிற்கும், காற்று என்றால் நின்ற இடத்திலும் ஸ்பிரிங் மாதிரி துள்ளும். அதனால் முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்துவிட்டு அப்புறம் காற்று எடுப்பதே முறை. காலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் அது வேறு கதை. வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. எத்தனை தடவை காற்று எடுத்தாலும் பயனில்லை.

ஒவ்வொரு வீல் சிலிண்டரின் மேல்முனையிலும் ஒரு நிப்பிள், அதாவது காற்றை வெளியேற்றத் திறக்கும் துளையுள்ள சிறு திருகு, இருக்கும். காற்று மேலே ஏறும் என்பதால்தான் மேலே வைத்திருக்கிறார்கள். பல வருஷம் திறக்காத நிப்பிள் எளிதில் ஒடியும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து, ரிங் ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். காரை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டையும் கட்டாயம்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வலப்பக்க ஸ்டியரிங் காரில் பெரும்பாலும் அது பின்பக்க இடது. நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபைச் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க விட வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். பெடலை மெதுவாக மிதித்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிப்பிளைத் திறந்தால் பெடல் கீழே போகும், பாட்டிலில் குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். சூட்சுமம் முழுக்க இந்த வரிசையில்தான். திறந்திருக்கும்போது காலை எடுத்தால், பிஸ்டன் திரும்பும்போது நிப்பிளின் மரை இடுக்கு வழியாகக் காற்றை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. பெடலில் என் மகள், காருக்கு அடியில் நான். கீழேயிருந்து "பிடி" என்று நான் கத்தியது அவளுக்கு "மிதி" என்று கேட்டிருக்கிறது. மறுபடி மிதிப்பதற்காகக் காலை எடுத்துவிட்டாள். அரைமணி நேர வேலை வீண். அப்புறம் சொற்களை மாற்றிக்கொண்டோம்: "அமுக்கு", "பிடி", "விடு". அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்ன பிறகே ஸ்பேனரை அசைத்தேன். காதில் ஒன்றுபோல ஒலிக்காத சொற்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைப்பதும் முக்கியம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போகும் தூரம் வரை பளபளப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் துருவும் கசடும். பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். வேகமாகப் பம்ப் அடிப்பதும் வேண்டாம், பெரிய குமிழி உடைந்து நுரையாகி எங்கெங்கோ ஒட்டிக்கொள்ளும். டாங்கியை ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை பார்த்து நிரப்புங்கள். அது காலியானால் மேலேயிருந்தே காற்று நுழையும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பெயர்தான் பிரேக் ஆயில், பெரும்பாலும் அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் பிரேக் ரப்பர் உப்பிக் கெடும். இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த அளவு 140 டிகிரி. டாட் 4க்கு 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கையே நம்பி இறங்கும்போது டிரம் கொதிக்கும், பழைய திரவம் ஆவியாகிக் குமிழியாகும். விளைவு அதே பஞ்சுப் பெடல், ஆனால் பள்ளத்தின் ஓரத்தில். வண்டி ஆறினால் பெடல் சரியாகிவிடுவதால் பலர் திரவத்தைச் சந்தேகிப்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய பயம். அதனால் காற்று எடுக்கும் சாக்கில் பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றிவிடுவேன். காபி நிறத்தில் வருவது தேன் நிறமாக மாறும்வரை நிறுத்துவதில்லை. பாட்டிலில் சேர்ந்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

நான்கு சக்கரமும் முடிந்தபோது மதியம் இரண்டு மணி. மகள் பெடலை அழுத்தி அரை நிமிஷம் பிடித்திருந்தாள். நான் ஒவ்வொரு நிப்பிளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், ஈரமில்லை. முதல் கியரில் தெருமுனைவரை போய் மிதித்தேன். பாதித் தூரத்திலேயே பெடல் கட்டையாக நின்றது. வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது.